அக்னாஸ்டிக்: ஐயவாதியா, அறியொணாமையரா?

ஆங்கிலத்தில் ‘அக்னாஸ்டிக்’ என்ற சொல் வந்தால் தமிழில் ‘நாத்திகர்’ என்று எழுதிவிடுகிறார்கள். கொஞ்சம் கவனமுள்ளவர்கள் ‘ஐயவாதி’ என்கிறார்கள். முன்னதன் பிழை வெளிப்படை: நாத்திகர் கடவுள் இல்லை என்பவர், அக்னாஸ்டிக்கோ உண்டு, இல்லை இரண்டுக்குமே தன்னிடம் சான்றில்லை என்பவர். பின்னதுதான் தொல்லை. சரிபோலத் தோன்றுவதால் யாரும் திருத்துவதில்லை.

சொல்லை ஆக்கியவர் ஆங்கில உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி, 1869இல். கிரேக்கத்தில் ‘க்னோசிஸ்’ அறிவு. முன்னிற்கும் ‘அ’ எதிர்மறை. வடமொழி ‘ஞான’மும் இதே வேர்தான். அதற்காக ‘அஞ்ஞானி’ என்று பெயர்த்தால் வசையாகிவிடும்.

இனி ‘ஐயம்’. இலக்கண உரைகாரர் இதற்குத் தரும் காட்டு, ‘குற்றியோ மகனோ’. மங்கிய வெளிச்சத்தில் தூரத்தே நிற்பது மரக்கட்டையா, ஆளா? எதிரே ஏதோ ஒன்று நிற்பது உறுதி. கிட்டப் போனால் ஐயம் தீரும். அக்னாஸ்டிக் இந்த இரண்டையுமே ஏற்பதில்லை. எதிரே ஒன்று நிற்கிறதா, கிட்டப் போக மனித அறிவுக்கு வழி உண்டா என்பதே அவர் கேள்வி. ‘இன்னும் தெரியவில்லை’ என்று நிறுத்திக்கொள்பவருக்கு வேண்டுமானால் ஐயம் ஓரளவு பொருந்தும். மேலும், ‘ஐயவாதம்’ ஏற்கெனவே ஸ்கெப்டிசிசத்துக்கு வேண்டியிருக்கிறது. அது எல்லா அறிவையும் கேள்விக்குள்ளாக்கும் பழைய கிரேக்க மரபு. மெய்யியல் நூலில் இரண்டும் ஒரே வரியில் வந்தால் மொழிபெயர்ப்பாளர் என்ன செய்வார்?

‘வாதம்’ என்ற வாலும் வேண்டாம். இது சமயக் கோட்பாடு அன்று, ஒரு வழிமுறை என்று ஹக்ஸ்லியே 1889இல் எழுதினார். எதற்கெடுத்தாலும் ‘வாதம்’ ஒட்டும் பழக்கம் நம் மொழிபெயர்ப்பாளர்களை விட்டபாடில்லை.

நான் பரிந்துரைப்பது அறியொணாமை, அதாவது அறிய முடியாமை. அவ்வழி நிற்பவர் அறியொணாமையர். ‘இறைவன் அறிய முடியாதவன் என்பது பக்தர் பேச்சாயிற்றே, சேக்கிழாரே “உலகெலாம் உணர்ந்து ஓதற்கு அரியவன்” என்று பாடியிருக்கிறாரே’ என்று கேட்கலாம். அந்த ‘அரியவன்’ என்ற சொல்லின் விகுதியைப் பாருங்கள். அந்த ‘அன்’ வந்தவுடனேயே இறைவன் இருப்பு ஏற்கப்பட்டுவிட்டது. அதே பாட்டு ‘வாழ்த்தி வணங்குவாம்’ என்றுதான் முடிகிறது. ‘அறியொணாமை’யில் அவனும் இல்லை, அதுவும் இல்லை, பேச்சு முழுவதும் நம் அறிவின் எல்லையைப் பற்றியது.

மென்பொருள் கையேடுகளில் வரும் அக்னாஸ்டிக் வேறு. ‘பிளாட்ஃபார்ம் அக்னாஸ்டிக்’ என்பதை ‘இயங்குதளம் சாராத’ என்று எழுதுங்கள். அகராதியின் முதல் பொருளை எடுத்து அங்கே ஒட்டாதீர்கள்.