போர்டு உங்க பேரில், பட்டா யார் பேரில்?

தன் கடையின் ஆன்லைன் பக்கம் தன் கையில் இல்லை என்று என்னிடம் வந்தவர்களில் இந்த மாதத்தில் இது மூன்றாவது ஆள். அதனால்தான் எழுதுகிறேன். இல்லையென்றால் தீபாவளி நெருக்கத்தில் விளம்பரத் தொழிலில் இருப்பவனுக்கு உட்கார்ந்து எழுத ஏது நேரம்?

திங்கட்கிழமை காலையில் சென்னிமலையிலிருந்து ஓர் அண்ணன் வந்தார். பெட்ஷீட் கடை, அவர் அப்பா ஆரம்பித்தது. ஆறு மாதத்துக்கு முன்னால் கடையை மெயின் ரோட்டுக்கு மாற்றிவிட்டார். கூகுள் மேப் மட்டும் மாறவில்லை, இன்னும் பழைய இடத்தையே காட்டுகிறது. அதில் இருக்கும் போன் நம்பரும் அவருடையது இல்லை. இரண்டு வருடம் முன்பு, "டிஜிட்டல் எல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்று வந்த ஏஜென்சிப் பையனுடைய நம்பர். பையன் வேறு வேலைக்குப் போய்விட்டான். ஏஜென்சியில் போனை எடுப்பதில்லை. மகன் இரண்டு தடவை மேப்பில் திருத்தம் போட்டுப் பார்த்திருக்கிறான், ஏறவில்லை. பழைய கடை இருந்த இடத்தில் இப்போது டீக்கடை.

"டீ மாஸ்டருதானுங்க வர்றவங்களுக்கெல்லாம் வழி சொல்லி அனுப்பிச்சிட்டிருக்காரு."

"கூகுள் புரொஃபைல் யாரு ஜிமெயில்லண்ணா இருக்கு?"

"பேரு நம்ம கடை பேருதானுங்களே!"

இந்தப் பதில்தான். பெயர் நம்முடையது, லோகோ நம்முடையது, உள்ளே கிடக்கும் படமெல்லாம் நம் சரக்கு, ஆகவே பக்கமும் நம்முடையது என்ற நினைப்பு. அரை சென்ட் இடம் வாங்கினாலும் முப்பது வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கிற மனிதர்கள் இவர்கள். வாடகைக் கட்டடத்து வாசலில் தன் பெயரில் போர்டு மாட்டினால் கட்டடம் சொந்தமாகிவிடாது என்று யாரும் இவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் இணையத்துக்கு வந்தால் போர்டைப் பார்த்ததும் திருப்தியாகிவிடுகிறார்கள். பக்கத்தின் மேலே இருக்கும் பெயர் வெறும் போர்டுதான், அய்யா. எந்த மின்னஞ்சல் உள்ளே 'உரிமையாளர்' என்று பதிவாகியிருக்கிறதோ அதுதான் பட்டா. பட்டா வேறொருவர் பேரில் இருந்தால், நீங்கள் மாதாமாதம் பணம் கட்டி அவர் இடத்தில் பயிர் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அவர் நல்லவராக இருக்கலாம். நல்லவர்களும் வேலை மாறுவார்கள், பாஸ்வேர்டை மறப்பார்கள்.

அவர் போனிலேயே உரிமை கோரும் திரையைத் திறந்து காட்டினேன். வேறொருவர் நிர்வகிக்கிறார் என்று சொல்லி, ஒரு மின்னஞ்சலின் முதல் இரண்டு எழுத்து, அப்புறம் புள்ளிகள். அண்ணன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். "அந்தப் பையன் பேருதானுங்க இப்படி ஆரம்பிக்கும்" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை.

கூகுளில் இதை மீட்க வழி உண்டு. அனுமதி கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். இப்போதைய உரிமையாளருக்குப் பதில் சொல்ல 3 நாள் அவகாசம். பதில் வராவிட்டால், கடை உங்களுடையதுதான் என்று நிரூபித்து எடுக்க வாய்ப்பு கிடைக்கலாம். கடை போர்டு, வீதி, உள்ளே இருக்கும் சரக்கு எல்லாம் தெரிகிற மாதிரி வீடியோ கேட்பார்கள். உள்ளே நுழைந்த பிறகும் பழைய ஆளை நீக்குவது மாதிரியான வேலைகளுக்கு 7 நாள் காத்திருக்க வேண்டும். தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது வந்து "நாளைக்கே மாத்திக் குடுங்க" என்றால் நான் எங்கே போவேன்?

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் மீட்பது இன்னும் கஷ்டம். அங்கே மனிதரைப் பிடித்துப் பேசுவதற்குள் தாவு தீர்ந்துவிடும். அதனால் ஆரம்பத்திலேயே பிசினஸ் கணக்கை உங்கள் பேரில் திறந்து, ஏஜென்சியைப் பார்ட்னராக மட்டும் உள்ளே விடுங்கள். வேலை பிடிக்காவிட்டால் ஒரே நிமிடத்தில் வெளியே அனுப்பலாம். "உங்களுக்கு எதுக்கு சார் அந்தத் தலைவலி, எங்க கணக்குலயே ஓட்டிக்கலாம்" என்று எந்த ஏஜென்சி சொன்னாலும் அங்கேயே எழுந்துவிடுங்கள். (எங்கள் தொழிலில் சிலர் இதைத் தெரிந்தேதான் செய்கிறோம். வாடிக்கையாளர் ஓடிவிடக்கூடாது என்று. வெட்கக்கேடு.)

விளம்பரக் கணக்கு உங்கள் பேரில் இருக்க இன்னொரு காரணமும் இருக்கிறது. இரண்டு வருடமாக யார் பார்த்தார்கள், யார் கேட்டார்கள், யார் வாங்கினார்கள் என்ற வரலாறு முழுக்க அந்தக் கணக்கில்தான் சேர்கிறது. ஏஜென்சி போனால் அதுவும் போச்சு. புது ஏஜென்சி முதல் நாளிலிருந்து உங்கள் காசில்தான் கற்றுக்கொள்ளும். பில்லையும் பாருங்கள். விளம்பரத்துக்கு 18% ஜிஎஸ்டி கட்டுகிறீர்கள். கணக்கு உங்களுடையதாக இருந்து, உங்கள் ஜிஎஸ்டி எண்ணும் பதிந்திருந்தால் பில் உங்கள் பேரில் வரும், ஆடிட்டர் அந்த வரியை நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்வார். ஏஜென்சி கணக்கில் ஓடினால் அந்த பில் அவர்கள் பேரில். அவர்கள் உங்களுக்கு முறையாக பில் போடுகிறார்களா? அண்ணனிடம் கேட்டேன். ஜிபே ஸ்கிரீன்ஷாட்டுகளைக் காட்டினார்.

வெப்சைட் பெயரும் இதே கதைதான். யார் பேரில் பதிவு, எந்த மெயிலுக்குப் புதுப்பிக்கச் சொல்லி அறிவிப்பு போகிறது என்று இன்றே கேளுங்கள். கடைக்கென்று வைத்திருக்கும் வாட்ஸ்அப் நம்பர் உங்கள் ஆதாரில் வாங்கிய சிம்மா, கேஷியர் தம்பியின் ஆதாரில் வாங்கியதா? ரீசார்ஜ் செய்யாமல் மூன்று மாதம் சும்மா கிடந்தால் அந்த நம்பர் முடங்கி, பிறகு வேறு யாருக்காவது போய்விடும். ஓடிபி அவருக்குப் போகும்.

பாலோயர் நிறைய இருந்தால் போதும் என்பதும் இதே மாதிரி போர்டு நினைப்புதான். அண்ணன் பக்கத்துக்கு நாற்பதாயிரம் பேர், போன வாரப் பதிவுக்கு ஒன்பது லைக். அதில் ஒன்று அவருடையது.

பட்டா உங்கள் பேரிலேயே இருந்தாலும் மண் மெட்டாவுடையது (ஃபேஸ்புக், இன்ஸ்டா, வாட்ஸ்அப் மூன்றுக்கும் சொந்தக் கம்பெனி), கூகுளுடையது என்பதும் நினைவிருக்கட்டும். 2020 ஜூன் 29 அன்று டிக்டாக்கை இந்தியா தடை செய்தபோது, லட்சக்கணக்கான பாலோயரோடு இருந்தவர்களுக்கு ஒரே ராத்திரியில் எல்லாம் காலி. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டா, வாட்ஸ்அப் மூன்றும் ஆறு மணி நேரம் போலப் படுத்துவிட்டன. அதனால் வாடிக்கையாளர் பெயரும் நம்பரும், அவர்கள் சம்மதத்தோடு, உங்கள் நோட்டிலோ எக்செல்லிலோ இருக்கட்டும். இதை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஏஐ வந்துவிட்டது, அதில் போஸ்டர் போடலாமா, ரீல்ஸ் போடலாமா என்று கேட்கிறவர்களுக்கும் இதுதான் பதில். தாராளமாகப் போடுங்கள், முதலில் உங்கள் விலாசம் சரியாக இருக்கட்டும். தப்பான விலாசத்தை எடுத்து ஏஐ இன்னும் அழகாகச் சொல்லும், அவ்வளவுதான்.

அப்புறம், "காப்புரிமை மீறல், 24 மணி நேரத்தில் பக்கம் முடக்கப்படும்" என்று மெசஞ்சரில் யாராவது இணைப்பு அனுப்பினால் தொடாதீர்கள். தொட்டுப் பணமும் போனால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள், எனக்கு அப்புறம் கூப்பிடலாம்.

அண்ணனுக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. பக்கம் கைக்கு வரும்வரைக்கும் டீக்கடை வாசலில் புது விலாசம், நம்பரோடு ஒரு ஃபிளெக்ஸ் வைக்கச் சொன்னேன். டீ மாஸ்டருக்கு ஒரு பெட்ஷீட் கொடுக்கவும் சொன்னேன். கடைக்கென்று புது ஜிமெயில் திறந்து, அவர் கையாலேயே பாஸ்வேர்டு போட வைத்து, அவர் நம்பரை மீட்பு எண்ணாகவும் சேர்த்தோம். முக்கால் மணி நேரம் ஆனது. முடித்ததும் பாஸ்வேர்டை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி என் பக்கம் தள்ளினார்.

"இதையும் நீங்களே வெச்சுக்கங்க தம்பி. நமக்கு மறந்துபோயிருமுங்க."

சீட்டை மடித்து அவர் சட்டைப் பையிலேயே வைத்து அனுப்பினேன்.