சாம்பாருக்கு எவ்வளவு பருப்பு போடுகிறீர்கள்?

ரேஷன் அரிசியை நம்பிக் குடும்பம் நடத்தும் வீடுகளில் வயிறு நிறையச் சோறு இருக்கிறது. அப்படியிருந்தும் அதே வீடுகளில் அம்மாவுக்கு ரத்தசோகை, பிள்ளைக்கு வயதுக்கேற்ற எடை இல்லை, அப்பாவுக்கு நாற்பதிலேயே சர்க்கரை. "சத்தா சாப்பிடச் சொல்றீங்க, கையில காசு எங்க இருக்கு?" என்று கேட்பவர்களின் வருத்தம் நியாயமானது. ஆனால் மாதச் செலவை வரிவரியாக எழுதிப் பார்த்தால், தேவையான பணத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே வேறு வழியில் போய்க்கொண்டிருப்பது தெரியும்.

அதனால் உணவு ஆலோசனைக்கு வருபவர்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி தலைப்பில் இருப்பதுதான். நாலு பேருக்கு 100 கிராம் என்பது வழக்கமான பதில். 100 கிராம் துவரம்பருப்பில் சுமார் 22 கிராம் புரதம் இருக்கிறது. நாலாகப் பிரித்தால் ஆளுக்கு ஐந்தரை கிராம்.

தேவை எவ்வளவு? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி, 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு நாளொன்றுக்கு 54 கிராம், 55 கிலோ பெண்ணுக்கு 46 கிராம் புரதம் வேண்டும். எட்டு வயதுப் பிள்ளைக்கு 23, பதினொரு வயதுக்கு 32. இந்த நாலு பேருக்கும் சேர்த்து 155 கிராம். வீட்டில் ஒரு கிலோ அரிசி வடித்தால் அதிலிருந்து 75 கிராம் வரும், சாம்பார் பருப்பில் 22, அரை லிட்டர் பாலில் 16. மொத்தம் 113. மீதி சுமார் 40 கிராம் தினமும் விடுபட்டுப் போகிறது. புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்னும் சிறு துண்டுகள் சேர்ந்தது. அரிசிப் புரதத்தில் அவற்றில் ஒன்றான லைசின் குறைவு. பருப்பும் பயறும் அதை ஈடுகட்டும். ரசம் சோறும் ஊறுகாயுமாகச் சாப்பிட்டு எழுந்தால் வயிறு நிறையும், இந்தப் பள்ளம் அப்படியே இருக்கும்.

40 கிராமை நிரப்ப ஒரு வழி: இரண்டு முட்டை 12 கிராம், 100 கிராம் நிலக்கடலை 24 கிராம், இன்னும் 50 கிராம் பருப்பு அல்லது பயறு 11 கிராம். வேலை முடிந்தது.

எதை வாங்குவது என்று தீர்மானிக்க, விலையைப் புரதத்தால் வகுத்துப் பாருங்கள். முட்டை ₹7 என்றால் ஒரு கிராம் புரதத்துக்கு ஒரு ரூபாய்க்குச் சற்று மேல். நிலக்கடலை கிலோ ₹160 என்றால் சுமார் 65 பைசா. ரேஷன் துவரம்பருப்பு கிலோ ₹30, அதில் ஒரு கிராம் புரதம் 14 பைசாதான். கடையில் வாங்கும் எந்தப் பருப்பையும்விட இது மலிவு. அப்படியிருக்க, பருப்பு வந்த தகவல் தெரிந்தும் வாங்காமல் விடுவது மனதுக்கு வலிக்கிறது. பிள்ளைகளுக்குப் பாலில் கலக்கும் சத்துமாவு டப்பாவையும் இப்படியே கணக்குப் போடுங்கள். பல டப்பாக்களின் லேபிளில் 100 கிராமுக்கு 10 கிராம் அளவே புரதம் இருக்கும், கூடவே நிறையச் சர்க்கரை. அரைக் கிலோ ₹250 என்றால் ஒரு கிராம் புரதத்துக்கு ஐந்து ரூபாய் கொடுக்கிறோம்.

ஒரு கார்டுக்கு மாதம் ஒரு கிலோ பருப்புதான் கிடைக்கும், அது பத்து நாள் வரும். மற்ற நாட்களுக்குத் தட்டைப்பயறு, பச்சைப்பயறு, மொச்சை, கொள்ளு என்று மாற்றி மாற்றிப் போடலாம். புரத அளவு துவரையை ஒட்டியதுதான்.

பணம் எங்கே இருக்கிறது? தினம் இரண்டு பத்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட், மாதம் ₹600. அதே பணத்தில் 60 முட்டையும் ஒரு கிலோ நிலக்கடலையும் வாங்கிவிடலாம். பிள்ளைகள் இருவருக்கும் தினம் ஆளுக்கொரு முட்டை. சத்துமாவு டப்பாவை நிறுத்தினால் மிச்சமாகும் ₹250-இல் இன்னும் ஒன்றரைக் கிலோ கடலை.

நிலக்கடலை வாங்கும்போது சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை பிடித்தது, கசப்பது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். ஈரத்தில் வளரும் பூஞ்சை அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்கும், அது கல்லீரலைக் கெடுக்கும், வறுத்தாலும் முழுதாகப் போகாது. நாலு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு முழுக்கடலை கொடுக்கவே கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். பொடித்து, வெல்லம் சேர்த்து உருண்டை பிடித்துக் கொடுக்கலாம்.

பயறு சமைப்பதில்தான் பலர் சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள். "வேகவே மாட்டேங்குது, கேஸ் தீருது" என்பார்கள். கொண்டைக்கடலை, மொச்சை இரண்டையும் 8 முதல் 10 மணி நேரம் ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். வாயுத் தொல்லை குறையும். புளியும் தக்காளியும் வெந்த பிறகுதான் சேர வேண்டும், புளிப்பு ஏறினால் பருப்பு இறுகிக்கொள்ளும். பழைய பருப்பு வேக நேரம் எடுக்கும், உப்புச்சுவையுள்ள கிணற்றுத் தண்ணீரில் போட்டாலும் அப்படித்தான். அதற்காகச் சோடா மாவு போடாதீர்கள், தயமின் என்னும் பி1 வைட்டமின் அழிந்துவிடும். துவரம்பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்தாலே கேஸ் மிச்சம்.

பச்சைப்பயறை முளைகட்ட 8 மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரை முழுதாக வடித்து, ஈரத்துணியில் தளர்வாகக் கட்டித் தொங்கவிடுங்கள். பன்னிரண்டு மணி நேரத்தில் முளை எட்டிப்பார்க்கும். வெயில் காலத்தில் பிசுபிசுத்து வாடை அடிப்பது, அடியில் தண்ணீர் தேங்குவதால்தான். இடையில் ஒருமுறை அலசிக் கட்டினால் சரியாகும். முளைவிடும் அதே சூட்டில் கிருமியும் பெருகும் என்பதால், பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆவியில் நன்றாக வேகவைத்தே கொடுங்கள்.

அடுத்தது இரும்புச்சத்து. கீரையில் இருக்கும் இரும்பை உடம்பு சுலபத்தில் எடுத்துக்கொள்ளாது, வைட்டமின் சி கூட இருந்தால்தான் கூடுதலாக உறிஞ்சும். முருங்கைக்கீரையை வதக்கி இறக்கி, சூடு தணிந்ததும் அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள். அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் சி வைட்டமின் சூட்டில் போய்விடும். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் வழக்கம் இந்த உழைப்பை எல்லாம் வீணாக்கும். டீயில் இருக்கும் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இதே விதி. ஆப்பிளுக்காக ஏங்க வேண்டாம், நாட்டுக் கொய்யாவில் அதைவிடப் பல மடங்கு வைட்டமின் சி இருக்கிறது, விலையும் பாதிகூட இல்லை.

ரேஷன் அரிசியில் செறிவூட்டிய அரிசி கலந்து வந்தால், அதைப் பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கி எறியாதீர்கள். நூறு கிலோவுக்கு ஒரு கிலோ என்ற அளவில் சேர்க்கும் அந்த மணிகள் அரிசி மாவில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 கலந்து செய்தவை. அதனால்தான் நிறம் சற்று மாறித் தெரியும், சில மிதக்கும். தலசீமியா என்னும் பரம்பரை ரத்தநோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். சோறு வடித்த கஞ்சியைச் சாக்கடையில் ஊற்றினால் கரைந்துபோன பி வைட்டமின்களும் போகும். உப்பு போடாமல் ரசத்துக்கோ மாவு பிசையவோ வைத்துக்கொள்ளலாம்.

காய்கறிக்கு உழவர் சந்தை நல்ல இடம். எந்தக் காய் மலிந்து கிடக்கிறதோ அதுவே அந்த வாரத்துக் காய். கேழ்வரகு வாரத்தில் மூன்று நாள் போதும், 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம். கடலோரத்தில் இருப்பவர்களுக்கு மத்தி மீனைப் போல வேறு வரமில்லை. பொரிக்காமல் குழம்பாக வையுங்கள். நெத்திலிக் கருவாடு என்றால் வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, இரண்டு தண்ணீர் மாற்றிக் கழுவ வேண்டும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதையும் தவிர்ப்பது நல்லது. ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் ஒரே வேளையில் சேர்ந்தால், ஒரு நாளுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 5 கிராம் உப்பில் பெரும்பகுதி அந்தத் தட்டிலேயே தீர்ந்துவிடலாம்.

எண்ணெய் நாலு பேருக்கு மாதம் இரண்டு லிட்டரில் நிற்கட்டும். ரேஷன் பாமாயில் ஒரு லிட்டர், கடலை எண்ணெய் ஒரு லிட்டர். பொரித்த எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்ச வேண்டாம்.

முப்பது வயது தாண்டியவர்கள் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பதிவு செய்தால் மாத்திரை வீட்டுக்கே வரும். மாத்திரைச் செலவு மிச்சமானால் அது அப்படியே முட்டைக் கணக்கில் சேரும். சர்க்கரை நோயாளிகள் சோற்றைக் குறைத்து, அந்த இடத்தில் சுண்டலையும் காயையும் வைக்க வேண்டும்.

சிறுநீரகப் பாதிப்பு இருப்பவர்கள் மேலே சொன்ன புரதக் கணக்கைப் பின்பற்ற வேண்டாம். அவர்களுக்கான அளவு, ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு) எவ்வளவு என்று பார்த்து மருத்துவர் சொல்வதுதான்.