பற்றுபுரதம்

உயிரணுவில் ஆர்.என்.ஏ.வை (ரைபோநியூக்ளிக் அமிலத்தை)ப் பிடித்துக் கையாளும் புரதங்களைக் குறிக்கும் ‘ஆர்.என்.ஏ. பைண்டிங் புரோட்டீன்’ என்ற தொடரைத் தமிழில் ‘ஆர்.என்.ஏ. பிணைப்புப் புரதம்’ என்று எழுதி வருகிறோம். பிழை என்று சொல்ல முடியாது. ஆனாலும் எனக்கு அதில் ஒரு மனக்குறை உண்டு. தண்டுவட மரப்பு நோயில் (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்) நரம்பு எப்படிச் சிதைகிறது என்று படிக்கப் படிக்க, அந்த மனக்குறை வளர்ந்துகொண்டே வந்தது. ‘பிணைப்புப் புரதம்’ என்பதற்குப் பதில் ‘பற்றுபுரதம்’ என்று எழுதலாம் என்பது என் யோசனை.

புரதத்தைத் தொட வேண்டாம். ‘முதன்மையானது’ என்ற பொருள்கொண்ட கிரேக்க அடியிலிருந்து 1838-இல் பிறந்த பெயர் அது. தமிழுக்குள் வந்து வீட்டுப் பிள்ளையாகிவிட்டது. ஆர்.என்.ஏ.வில் உள்ள ‘ரைபோ’வின் கதை வேறு. அதற்குக் கிரேக்கத்திலும் வேர் இல்லை, லத்தீனிலும் இல்லை. அரபுப் பிசினின் பெயரால் அழைக்கப்பட்ட சர்க்கரை அரபினோஸ். அதற்கு நெருங்கிய இன்னொரு சர்க்கரைக்குப் பெயர் தேவைப்பட்டபோது, 1891-இல் எமில் ஃபிஷர் அரபினோசின் எழுத்துகளைக் கலைத்துப்போட்டு ‘ரைபோஸ்’ என்றார். வேர்ப்பொருள் தேடி மொழிபெயர்க்கப் புறப்படுபவர் கையில் பிசின்தான் ஒட்டும். ஆர்.என்.ஏ. என்றே எழுதிவிட்டுப் போகலாம்.

சிக்கல் நடுச்சொல்லில் இருக்கிறது. ‘பிணைப்பு’ என்பதை வேதியியல் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது: வேதிப்பிணைப்பு, சகப்பிணைப்பு, அயனிப் பிணைப்பு. அணுக்களை இறுகக் கட்டிவைக்கும் பிணைப்புகள் அவை. இந்தப் புரதங்கள் ஆர்.என்.ஏ.வோடு வைத்துக்கொள்ளும் உறவு பெரும்பாலும் அப்படிப்பட்டதில்லை. மரபணுச் செய்தியைச் சுமந்த ஆர்.என்.ஏ.வை உட்கருவில் பிடித்து, வேண்டாத பகுதியை வெட்டச் செய்து, வெளியே கொண்டுவந்து, புரதம் தயாராகும் இடத்தில் ஒப்படைத்துவிட்டு விலகும். பிடிக்கத் தெரிவது பாதி வேலை. விடத் தெரிவது மறுபாதி. நரம்பணுவுக்கு இது இன்னும் முக்கியம். தண்டுவடத்திலிருந்து பாதம் நோக்கிப் போகும் ஒரு நரம்பிழை ஒரு மீட்டர் அளவுக்குக்கூட நீளும்; செய்தி அத்தனை தொலைவு சேதமில்லாமல் போய்ச் சேர வேண்டும்.

தண்டுவட மரப்பு நோயை நெடுங்காலம் உறை பற்றிய நோயாகவே பார்த்தார்கள். நோய் எதிர்ப்பு மண்டலம் நரம்பிழையைச் சுற்றியுள்ள மயலின் உறையைத் தாக்குகிறது. அங்கங்கே தழும்பு கட்டுகிறது. 1868-இல் பாரிஸில் ழான்-மார்த்தேன் ஷார்கோ இந்நோயை விவரித்தபோது பெயரில் வைத்ததும் அந்தத் தழும்புத் திட்டுகளைத்தான். ‘ஸ்கிளிரோசிஸ்’ என்றால் கெட்டிப்படுதல். தமிழ்ப் பெயரில் இரண்டு இடறல்கள் உண்டு. நோய் தண்டுவடத்தோடு நிற்பதில்லை, மூளைக்கும் பார்வை நரம்புக்கும் போகிறது. ‘மரப்பு’ என்றதும் கெட்டிப்பட்ட திசு நம் நினைவுக்கு வருவதில்லை, மரத்துப்போன கைகால்தான் வருகிறது. ஆனால் அந்த இரண்டாவது இடறலை நான் மன்னிப்பேன். ஷார்கோ பிணக்கூறாய்வில் கண்டதை அவர் வைத்த பெயர் சொல்கிறது. நோயாளி உணர்வதைத் தமிழ்ப் பெயர் சொல்கிறது.

உறையோடு நரம்பணுவும் அழிவதால்தான் மீளாத முடக்கம் வருகிறது. அது ஏன் அழிகிறது என்ற கேள்விக்கான விடைகளில் ஒன்றாகப் பற்றுபுரதம் இங்கே நுழைகிறது. எச்.என்.ஆர்.என்.பி. ஏ1 என்று ஒன்று உண்டு (இந்தப் பெயரை யாரும் தமிழாக்க முயல வேண்டாம்). அது வழக்கமாக உட்கருவில் இருக்கும்; வேலை நிமித்தம் வெளியே போய்த் திரும்பும். கனடாவின் சஸ்காச்சவன் பல்கலைக்கழகக் குழு, இந்நோய் இருந்து இறந்தவர்களின் மூளை நரம்பணுக்களில் அது உட்கருவை விட்டு வெளியேறி, திரும்பாமல் கிடப்பதைக் கண்டது. உயிரணு நெருக்கடியில் இருக்கும்போது ஆர்.என்.ஏ.வும் பற்றுபுரதங்களும் சேர்ந்து உருட்டிவைக்கும் சிறு திரள்களோடு அது காணப்பட்டது. ‘நெருக்கடிக் குருணை’ என்று அவற்றை அழைக்கலாம். நெருக்கடி தீர்ந்ததும் குருணைகள் கரைய வேண்டும். கரையாமல் நின்றால் ஆர்.என்.ஏ. சிறைப்பட்டுவிடும். ஆய்வகத்தில் இந்தப் புரதத்தைக் குறைத்தபோது நரம்பணுக் கிளைகள் சிதைந்தன. நோயாளிகள் சிலரின் உடலில் இதே புரதத்தைக் குறிவைக்கும் எதிர்ப்பொருள்களும் உண்டு. ஆனால் மனிதரில் இது நோயின் காரணமா, துணைக்காரணமா, விளைவா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை.

விடவேண்டிய வேளையில் விடாமலிருப்பதும் இந்தக் கோளாறின் ஒரு முகம் என்பதால்தான் எனக்குப் ‘பற்று’ பிடிக்கிறது. பற்றியதை விடலாம் என்ற எண்ணம் தமிழில் அந்தச் சொல்லோடு கூடவே வரும். பற்றறுத்தல் என்கிறோம், பற்று விடுதல் என்கிறோம். ‘ஆர்.என்.ஏ. பற்றி’ என்று இன்னும் சுருக்கினால் கட்டுரைத் தலைப்புப்போல ஆகிவிடும். ‘பற்றுப் புரதம்’ என்று ஒற்று மிகுத்து எழுதினால் பெயர்ச்சொல் தொகை. ஒற்று மிகாமல் ‘பற்றுபுரதம்’ என்றால், ஊறுகாய் போல, வினைத்தொகை: பற்றிய, பற்றுகிற, பற்றும் புரதம். மூன்று காலத்திலும் பற்றும். எந்த ஒரு காலத்திலும் நிலைத்து ஒட்டிக்கொள்ளாது.

இன்னொரு எச்சரிக்கை. இந்தப் புரதங்களைப் பற்றிய செய்திகளில் ‘குறைபாடுள்ள புரதம்’ என்று எழுதும் வழக்கம் உண்டு. குறைபாடு என்றதும் வைட்டமின் குறைபாடுபோல அளவு குறைந்தது என்றே வாசகர் கொள்வார். ஏ.எல்.எஸ். என்னும் இயக்க நரம்பணு நோய் உள்ள சில குடும்பங்களில் இதே புரதத்தின் மரபணுவில் பிறழ்வு காணப்பட்டது. அங்கே ‘பிறழ்ந்த புரதம்’ பொருந்தும். தண்டுவட மரப்பு நோயில் முதன்மையாகக் கண்டது இருப்பிடக் கோளாறு. அங்கே ‘இடம் மாறிய பற்றுபுரதம்’ என்று எழுதுங்கள்.