மூச்சு முந்தும், எலும்பு பிந்தும்

ஓட்டக்காரர்கள் பிசியோவிடம் வந்து உட்கார்ந்ததும் எங்கே வலிக்கிறது என்று சொல்வதில்லை. "ரேஸுக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு டாக்டர், ஓடிடலாம்ல?" என்றுதான் பேச்சு தொடங்கும். வலி எங்கே என்பதை நாங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். ஓட்டத்தால் இவர்களுக்குச் சம்பளமும் இல்லை, பரிசுப் பணமும் இல்லை. வேலை, வீடு, பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் நடுவே விடியற்காலையில் எழுந்து ஷூ மாட்டுகிறவர்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்கானது.

அடிபட்டு வருகிறவர்களில், முதல் வாரத்திலேயே மூச்சு வாங்கி நின்றுபோனவர்களை நான் அதிகம் பார்ப்பதில்லை. மூன்றாவது, நான்காவது மாதத்தில் இருப்பவர்கள்தான் வருகிறார்கள். ஐந்து கிலோமீட்டரே மலையாகத் தெரிந்தவருக்குப் பத்து சாதாரணமாகி, பதினைந்தைத் தொட்டுப் பார்க்கும் ஆசை வந்திருக்கும். "இப்பதான் சார் நல்லா ஓட ஆரம்பிச்சேன், அதுக்குள்ள இப்படி" என்பார்கள். நன்றாக ஓட ஆரம்பித்ததுதான் காரணம் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள்.

உடம்பின் எல்லாப் பாகங்களும் ஒரே வேகத்தில் பழகுவதில்லை. ஓடத் தொடங்கிய ஓரிரு வாரங்களிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் கூடுதல் ரத்தத்தைத் தள்ளுகிறது. அடுத்த ஓரிரு மாதங்களில், ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் தசைகளுக்குள் பெருகுகின்றன. மூச்சு சீக்கிரமே வசப்படுவது இதனால்தான். எலும்பின் கதை வேறு. புதிய சுமை விழுந்ததும், பழைய எலும்பைக் கரைக்கும் செல்கள்தான் முதலில் வேலையை ஆரம்பிக்கும். சில வாரங்களில் நுண்ணிய குழிகளைப் பறித்துவிடும். அவற்றை நிரப்பும் செல்கள் பின்னால் வந்து புது எலும்பை இட்டு, அது கெட்டிப்பட மூன்று நான்கு மாதம் பிடிக்கும். புது ரோடு போடுகிறோம் என்று தோண்டிப் போட்டுவிட்டு, தார் வர மாதக்கணக்கில் காத்திருக்க வைப்பதைப் போலத்தான். அந்த இடைவெளியில் எலும்பு முன்பிருந்ததைவிடக் கொஞ்சம் பலம் குறைந்தே இருக்கும். நெஞ்சு "இன்னும் ஓடு" என்று சொல்வதும் அதே நேரத்தில்தான்.

முழங்காலுக்குக் கீழே, உள்பக்க எலும்பு விளிம்பில் வலி என்று வருகிறவரைப் படுக்க வைத்து, கட்டைவிரலால் கணுக்காலிலிருந்து மேல்நோக்கி அங்குலம் அங்குலமாக அழுத்திக்கொண்டே போவேன். ஒரு சாண் நீளத்துக்கு வலி பரவலாக இருந்து, ஓட ஆரம்பிக்கும்போது உறுத்தி, உடம்பு சூடானதும் மட்டுப்பட்டால் கொஞ்சம் நிம்மதி. ஷின் ஸ்பிளின்ட் என்று ஓட்டக்காரர்கள் சொல்வது பெரும்பாலும் இதுதான். தூரத்தைக் குறைத்தால் வழிக்கு வரும். சிலருக்கு அப்படி இருக்காது. விரல் ஏறிக்கொண்டே போகும்போது எதுவும் சொல்ல மாட்டார். நாணய அளவு ஓரிடத்தில் பட்டதும் கால் வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். ஒற்றைக்காலில் குதிக்கச் சொன்னால் குதிக்காமல் என் முகத்தைப் பார்ப்பார். ஓட ஓட வலி கூடுகிறது, நடக்கும்போதும் வலிக்கிறது, ராத்திரி படுக்கையிலும் விடுவதில்லை என்றால் அது ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர், அதாவது திரும்பத் திரும்ப விழும் சுமையால் எலும்பில் வரும் விரிசல் என்றே எடுத்துக்கொண்டு மேற்கொண்டு பார்க்க வேண்டும். முதல் இரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்ரேயில் பல சமயம் ஒன்றும் தெரியாது. எக்ஸ்ரே நார்மல் என்ற தைரியத்தில் திரும்ப ஓடி, விரிசலைப் பெரிதாக்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. சந்தேகம் தீர எம்ஆர்ஐதான் வழி.

தொடையிடுக்கில் ஆழமாக ஒரு வலி, காலை ஊன்றினால் கூடுகிறது என்றால் அன்றோடு ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். தொடையெலும்பின் கழுத்தில் விரிசல் இருந்து, அது முறிந்து விலகிவிட்டால் அறுவை சிகிச்சை வரை போகும். தசைப்பிடிப்பு என்று எண்ணெய் தேய்த்து நாள் கடத்தும் விஷயமில்லை இது.

எலும்பு விரிசலோடு வருகிறவர்களிடம் சாப்பாட்டைப் பற்றியும் கேட்பேன். பெண்களிடம் மாதவிலக்கு தள்ளிப்போகிறதா, நின்றே விட்டதா என்று கேட்பேன். ஓடும் அளவுக்குச் சாப்பிடாவிட்டால் உடம்பு முதலில் கை வைப்பது ஹார்மோன்களிலும் எலும்பிலும்தான். 2014இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இதற்கு ரெட்-எஸ் என்று பெயர் கொடுத்தது. ஆண்களுக்கும் இது வரும் என்பதைத் தெளிவாகச் சொன்னதும் அப்போதுதான். எடை குறைக்க ஓட வந்து, குறையக் குறைய உற்சாகம் கூடி, சாப்பாட்டையும் வெட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைவில் வைக்க வேண்டும்.

சரி, எவ்வளவு கூட்டலாம்? வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டாதே என்ற விதி எல்லோர் வாயிலும் இருக்கிறது. நெதர்லாந்தின் குரோனிங்கனில் புதிதாக ஓட வந்தவர்களை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு 8 வாரத் திட்டமும், மற்றதற்கு இந்தப் பத்து சதவீத விதிப்படி 13 வாரத் திட்டமும் கொடுத்துப் பார்த்தார்கள். 2008இல் முடிவு வந்தது: இரண்டு குழுவிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் காயம். 2025இல் வெளியான இன்னொரு ஆய்வு 5,200 ஓட்டக்காரர்களின் கைக்கடிகாரப் பதிவுகளை அலசியது. வாரக் கணக்கு அதில் பெரிதாக எதையும் காட்டிக்கொடுக்கவில்லை. கடந்த 30 நாளில் ஓடிய அதிகபட்ச தூரத்தைவிட, ஒரே நாளில் பத்து சதவீதத்துக்கு மேல் கூட ஓடியவர்களுக்குத்தான் காயம் அதிகம். அதாவது பன்னிரண்டுக்கு மேல் ஓடாதவர், நண்பர்கள் கூப்பிட்டார்கள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினெட்டு ஓடுவது. நான் தினசரி பார்ப்பதோடு இது அச்சாகப் பொருந்துகிறது. தூரம், வேகம், மேடு, புது ஷூ ஆகியவற்றில் ஒன்றை மாற்றினால் மற்றவற்றை அப்படியே விட்டு வைக்கச் சொல்கிறேன்.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரும்பாலான ஓட்டங்கள், பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில் இருந்தால் போதும். நியூசிலாந்தின் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட், 800 மீட்டர் வீரரான பீட்டர் ஸ்னெல்லையே வாரம் முழுக்க நீண்ட தூரம் ஓட வைத்துத்தான் 1960 ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கவைத்தார். நம்மவர்களுக்கு மெதுவாக ஓடுவது கௌரவக் குறைச்சல். ஓட்டத்தைப் பதிவிடும் ஆப்பில் எல்லோரும் பார்ப்பார்களே என்ற கூச்சம்! அந்தக் கூச்சத்துக்குக் குதிகால் தசைநாண் விலை கொடுக்கிறது.

பந்தய நாளில் அறிவை மழுங்கடிப்பது பெரும்பாலும் ஓர் எண். ஏறக்குறைய ஒரு கோடி மாரத்தான் முடிவு நேரங்களை ஆராய்ந்து 2017இல் பொருளாதார அறிஞர்கள் வெளியிட்ட கட்டுரையில், 3 மணி, 3:30, 4 மணி என்ற எல்லைகளுக்குச் சற்று முன்னால் ஆட்கள் குவிந்து கிடந்தார்கள். 4:01ஐவிட 3:59 உடம்புக்கு எந்த விதத்திலும் உயர்ந்ததில்லை. ஆனாலும் அந்த எண்ணுக்காகத்தான் முதல் பாதியை அளவுக்கு மீறி வேகமாக ஓடி, தசையில் சேமிப்பாக இருக்கும் சர்க்கரையான கிளைகோஜன் தீர்ந்து, முப்பதாவது கிலோமீட்டரைத் தாண்டியதும் நடக்கிறார்கள். அந்த எண்ணுக்காகத்தான் கிளம்பும் முன் வலி மாத்திரையும் போடுகிறார்கள்.

அந்த மாத்திரையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நீண்ட ஓட்டத்தில் ரத்தம் தசைக்கும் தோலுக்கும் திரும்பிவிடுவதால் சிறுநீரகத்துக்குப் போகும் பங்கு ஏற்கெனவே குறைகிறது. அந்தக் குறைவை ஈடுகட்டி ரத்தக்குழாய்களை விரித்து வைப்பவை புரோஸ்டாகிளாண்டின்கள். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள் அவற்றின் உற்பத்தியைத்தான் தடுக்கின்றன. உடலில் நீரும் குறைந்திருந்தால் சிறுநீரகம் திண்டாடிப்போகும். மாத்திரை போட்டால்தான் ஓட முடியும் என்ற நிலை வந்துவிட்டால், அன்றைக்கு ஓடக்கூடாது.

தண்ணீரும் அளவோடுதான். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்தபோது, 13 சதவீதம் பேருக்குச் சோடியம் இயல்புக்குக் கீழே இருந்தது. ஓடி முடித்தபோது எடை கூடியிருந்தவர்களுக்கே இந்த ஆபத்து அதிகம்; வியர்த்ததைவிடக் கூடுதலாகக் குடித்திருக்கிறார்கள். தாகத்துக்குக் குடித்தால் போதும். வெயிலில் ஓடுகிறவர் தள்ளாடி, சம்பந்தமில்லாமல் பேசினால் அது வெப்ப மயக்கம் என்று சும்மா உட்கார வைக்காதீர்கள். மருத்துவக் குழுவைக் கூப்பிட்ட கையோடு குளிர்ந்த நீரில் உடம்பை இறக்குங்கள், முடியாவிட்டால் ஊற்றிக்கொண்டே இருங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்க நேரமில்லை.

ஓடினால் மாரடைப்பு வருமா என்று வீட்டார் பயப்படுவார்கள். அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை மாரத்தானும் அரை மாரத்தானும் ஓடிய 1.09 கோடிப் பேரில் 59 பேருக்கு இதயம் நின்றது. அரிதுதான். ஆனால் ஓடும்போது நெஞ்சில் இறுக்கமோ மயக்கமோ வந்திருந்தாலும், குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருந்தாலும் இதய மருத்துவரைப் பார்க்காமல் அடுத்த ஓட்டம் வேண்டாம்.

ஓட்டத்தை நிறுத்தச் சொன்னால் முகம் வாடிவிடுகிறது, புரிகிறது. பலருக்கு அந்த ஒரு மணி நேரம்தான் நாளிலேயே தனக்கென்று கிடைப்பது. அதனால் முடிந்தவரை முழுசாகப் படுக்கப் போடுவதில்லை. சைக்கிள், நீச்சல், இடுப்பளவு தண்ணீரில் நடை என்று எதையாவது கையில் கொடுத்தே அனுப்புவேன். போட்டிக்குப் பணம் கட்டும்போதே அட்டவணையில் இரண்டு மூன்று வாரத்தைக் காலியாக விட்டுவிட்டால், சளிக்காய்ச்சலோ கால்வலியோ வரும்போது தேதி கழுத்தை நெரிக்காது. "இத்தனை நாள் விடாமல் ஓடினேன்" என்ற கணக்கு வைப்பது எனக்குப் பிடிக்காது. காய்ச்சலோடு ஓட வைப்பது அந்தக் கணக்குதான்.

எங்களிடம் வரும்போது சிலர் தேய்ந்த ஷூவைப் பையில் போட்டுக்கொண்டு வருகிறார்கள். அடிப்பாகம் தேய்ந்த விதத்தில் தெரிவது கொஞ்சம்தான். கடைசி எட்டு வாரம் எந்த நாள் எவ்வளவு ஓடினீர்கள், எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், எந்த ஓட்டத்துக்கு மறுநாள் காலையில் வலித்தது என்று எழுதி எடுத்து வாருங்கள். பாதி நோயறிதல் அதிலேயே முடிந்துவிடும்.