டீகோடர் கருகாமல் இருக்க: பழைய ஜி அளவு இன்ஜினில் வயரிங்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் கைமாறி வரும் ஜி அளவு (தோட்டத்தில் ஓட்டும் பெரிய மாதிரி ரயில்) இன்ஜின்களில் பல, டிஜிட்டல் முறைக்கு முந்தைய ஜெர்மன் தயாரிப்புகள். 45 மி.மீ. தண்டவாளத்தில் ஓடும் இவற்றுக்குள் இடத்துக்குப் பஞ்சமில்லை. டீகோடரை, அதாவது தண்டவாளம் வழியே வரும் டிஜிட்டல் சிக்னலைப் படித்து மோட்டாரையும் விளக்குகளையும் இயக்கும் சிறு மின்னணுக் கருவியை, எங்கே வைப்பது என்று திண்டாட வேண்டியதில்லை. வில்லங்கம் மோட்டார் பெட்டிக்குள் இருக்கிறது. சக்கரம் எடுக்கும் மின்சாரம் அங்கே நேராக மோட்டார் பிரஷ்ஷுக்கு (மோட்டாருக்குள் மின்சாரம் கொடுக்கும் கார்பன் முனை) போகும். டீகோடர் இவ்விரண்டுக்கும் நடுவில் உட்கார வேண்டியது. பழைய இணைப்பில் ஒரு பக்கம் மட்டும் மிச்சமிருந்தாலும் தண்டவாளத்து மின்சாரம் டீகோடரின் மோட்டார் வெளியீட்டில் பாய்ந்து, முதல் வேகப் படியிலேயே புகை வரும். இரண்டே முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பெட்டியா? சந்தேகமே வேண்டாம், திறந்து பிரித்து நான்கு வயராக வெளியே எடுங்கள்.

ஆகவே சால்டரிங் இரும்பைச் சூடாக்கும் முன் மல்டிமீட்டரை ஓம் அளவில் வையுங்கள். எல்லா வயர்களையும் கழற்றிவிட்டு, ஒவ்வொரு பிரஷ்ஷுக்கும் ஒவ்வொரு பக்கச் சக்கரத்துக்கும் இடையே அளந்தால் மொத்தம் நான்கு அளவுகள். நான்கிலும் இணைப்பே இல்லை என்று காட்ட வேண்டும். அளக்கும்போது சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மேல்கூட்டைத் திருகி மூடிய பிறகு இன்னொரு முறை அளங்கள். மேசையில் சரியாக இருந்த வயர், திருகு இறுகும்போது உலோக எடைக்கட்டியில் நசுங்கித் தோல் உரிவது அடிக்கடி நடப்பது.

அடுத்த பொறி நிறம். ஜெர்மன் தயாரிப்பான எல்ஜிபி இன்ஜின்களின் மோட்டார் பெட்டிகளில் பழுப்பும் வெள்ளையும் தண்டவாளத்துக்கு, மஞ்சளும் பச்சையும் மோட்டாருக்கு. டீகோடரின் பொது நிறமுறையோ வேறு: சிவப்பு வலது தண்டவாளம், கறுப்பு இடது, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டார், வெள்ளை முன் விளக்கு, மஞ்சள் பின் விளக்கு, பச்சை கூடுதல் வசதிக்கு, நீலம் விளக்குகளுக்கான பொது நேர்முனை. வெள்ளையை வெள்ளையோடும் மஞ்சளை மஞ்சளோடும் சேர்த்தால் கதை முடிந்தது. பெட்டியிலிருந்து வரும் நான்கு வயருக்கும் காகிதச் சீட்டு ஒட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

எத்தனை ஆம்பியர் டீகோடர் வாங்குவது என்பதை மோட்டாரைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். 20 வோல்ட் டிசி கொடுத்து, மீட்டரை 10 ஆம்பியர் அளவில் தொடராக வைத்து, சக்கரத்தை ஒரு நொடி மட்டும் இறுக்கிப் பிடியுங்கள். அப்போது காட்டும் எண்தான் கணக்கு. ஒரு மோட்டார் 2 ஆம்பியர் இழுத்தால், இரண்டு மோட்டார் உள்ள இன்ஜினுக்கு 4. டீகோடர் அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருப்பது பெரும்பாலும் உச்ச அளவு. தொடர்ந்து தாங்கும் அளவைப் பாருங்கள். சிறிய எச்ஓ அளவு இன்ஜினுக்கான 1 ஆம்பியர் டீகோடர் மலிவு என்று இதில் போடுவது காசைக் கரியாக்குவதுதான். மோட்டாருக்கும் தண்டவாளத்துக்கும் 0.5 சதுர மி.மீ. வயர், விளக்குகளுக்கு 0.14 போதும். மூட்டுகளுக்குச் சூடு பட்டதும் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய். டர்பன் கோடையில் கறுப்பு டேப்பின் பசை இளகி வழுக்கிவிடும். தண்ணீர்க் குழாய் வேலைக்கான அமில ஃப்ளக்ஸும் (பற்றவைக்கும் பசை) வேண்டாம். கடற்காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அது செம்பைத் தின்னும். டீகோடரை முழுக்கச் சுற்றி மூடாதீர்கள், அதற்கும் மூச்சு வேண்டும்.

மோட்டாரின் குறுக்கே ரேடியோ இரைச்சலைத் தடுக்க வைத்த கெப்பாசிட்டர் இருந்தால் எடுத்துவிடுங்கள். குறைந்த வேகத்தில் இன்ஜின் திக்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

விளக்குகளில் 5 வோல்ட் பழைய பல்பு இருந்தால் 20 வோல்ட்டில் உடனே போய்விடும். வெள்ளை எல்இடிக்கு 1 கிலோஓம் ரெசிஸ்டர் போட்டால் சுமார் 17 மில்லிஆம்பியர் ஓடும், ரெசிஸ்டரில் 0.29 வாட் சூடு, கால் வாட் ரெசிஸ்டர் கருகும். 2.2 கிலோஓம் போடுங்கள்: 8 மில்லிஆம்பியருக்குள் அடங்கும், கால் வாட்டே போதும், வெளிச்சத்துக்கும் குறைவிருக்காது. பல்பின் ஒரு கால் உலோகச் சேசிஸில் பற்றவைத்திருந்தால் அறுத்துவிடுங்கள். நீல வயர் சேசிஸைத் தொட்டால் தாங்காது. மின்சாரம் ஒரு கணம் விட்டாலும் இன்ஜின் நிற்காமலிருக்க டீகோடரோடு கெப்பாசிட்டர் சேர்ப்பவர்கள் 35 வோல்ட் தாங்குவதை வாங்குங்கள். 25 வோல்ட் விளிம்பு, அதை நம்ப முடியாது.

முதல் மின்சாரத்தைப் பிரதான பாதையில் கொடுக்காதீர்கள், டீகோடரின் அமைப்புகளை எழுதவும் படிக்கவும் தனியே வைத்திருக்கும் புரோகிராமிங் தண்டவாளத்தில் கொடுங்கள். அங்கே மின்னோட்டம் குறைவு, தவறு இருந்தாலும் தப்பிக்க வழியுண்டு. டீகோடரின் முகவரியை (இன்ஜினை அழைக்கும் எண்) திருப்பிப் படிக்க முடிந்தால் மோட்டார் வயரிங் பெரும்பாலும் சரி. டீகோடர் மோட்டாரைத் துடிக்கவைத்துத்தான் பதில் சொல்கிறது. பிறகு பிரதான பாதையில் முதல் ஓட்டத்துக்கு, தண்டவாளத்துக்குப் போகும் வயரில் 24 வோல்ட் 21 வாட் லாரி பல்பு ஒன்றைத் தொடராக மாட்டுங்கள். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், மின்னோட்டம் ஒரு ஆம்பியருக்குள் நிற்கும்.

இன்ஜின் பின்னோக்கிப் போய், முன் விளக்கு மட்டும் சரியாக எரிந்தால் ஆரஞ்சையும் சாம்பலையும் மாற்றிப் போடுங்கள். இரண்டுமே தலைகீழ் என்றால் வயரைத் தொடாதீர்கள், சிவி (டீகோடரின் அமைப்புகளைச் சேமிக்கும் எண்ணிட்ட இடம்) 29-இல் உள்ள எண்ணோடு 1 கூட்டினால் சரியாகும்.

முகவரிக்கு இன்ஜின் எண்ணையே வைப்பது வழக்கம். ‘ரெட் டெவில்’ என்று இந்நாட்டு ரயில் பிரியர்கள் கொண்டாடும் 26-ஆம் வகுப்பு இன்ஜினின் எண் 3450. அதை 256-ஆல் வகுத்தால் ஈவு 13, மீதி 122. சிவி 17-இல் 192-உடன் 13 சேர்த்து 205, சிவி 18-இல் 122. சிவி 29-இல் 38 என்று பல கையேடுகள் சொல்லும். இங்கே 34 எழுதுங்கள். வித்தியாசமான அந்த 4, டிஜிட்டல் சிக்னல் இல்லாத அனலாக் மின்சாரத்திலும் ஓடு என்ற அனுமதி. மின்வெட்டு முடிந்து மின்சாரம் திரும்பும் நேரத்தில், தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் பூஸ்டர் ஒழுங்கான சிக்னல் தராமல் வெறும் டிசியை அனுப்பினால், அந்த அனுமதி உள்ள இன்ஜின் முழு வேகத்தில் பாயும். நாலைந்து கிலோ எடை, வளைவில் தோட்டத்துச் சுவரை நோக்கி.