அது கொழுத்த பிள்ளையின் மடிப்பு இல்லை

போன கிழமை குச்சவெளிப் பக்கத்திலிருந்து ஐந்து மாதப் பிள்ளை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். வலது பாதம் தொங்குகிறது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே சுற்றிவர ஒரு பள்ளம், அந்தப் பள்ளத்துக்குள்ளேயே நாவூறுக்குக் கட்டின கறுப்பு நூல். நான் வாய் திறக்க முதலே அம்மம்மா சொல்லிவிட்டார்: "கொழுத்த பிள்ளைதானே மிஸ், வளர வளர நிரவிடும்."

நிரவாது. இது பிறக்கும்போதே காலைச் சுற்றி இறுக்கிக் கிடக்கும் வளையம், பனிக்குட இழை வளையம் (amniotic band) என்பார்கள், நூலால் வந்ததும் இல்லை. பிசியோதெரபிக்கு வந்து இத்தனை வருடத்தில் இப்படி மூன்று பிள்ளைகள், மூன்றுக்கும் இதே பதில்தான்! கொழுப்பு மடிப்பு பெரும்பாலும் இரண்டு காலிலும் இருக்கும், இரண்டு விரலால் தோலை இழுத்தால் விரியும். இது ஒரு காலில் மட்டும், முழுச் சுற்றாக, இழுத்தாலும் விரியாமல், கீழ்ப்பக்கம் வீங்கிக் கிடந்தது. வேலிக் கிளுவையில் கட்டின கம்பி பிறகு மரத்துக்குள்ளே புதைந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்களே, மரம் தடிக்கும், கம்பி தடிக்குமா? அப்படித்தான் இந்த வளையமும், கால் தடிக்க இறுக்கம் கூடலாம்.

பாதத்தைத் தூக்கும் பெரோனியல் நரம்பு முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமாக, தோலுக்கு வெகு அருகில் வளைந்து போகிறது. வளையம் அங்கே ஆழமானால் பாதம் விழும், உணர்வும் மங்கும். மேல்கையில் ஆழமான வளையம் என்றால் மணிக்கட்டு தொங்கலாம். "உணர்வு இருக்கிறதே, ஊசி போட வீரிட்டு அழுதானே" என்றார்கள். ஊசி தொடையில், வளையத்துக்கு மேலே போடுவது, அதற்கு அழாமல் என்ன செய்வான்?

தாய் மெதுவாகக் கேட்டாள், பிள்ளை வயிற்றில் இருக்கும்போது கிரகணத்தன்று பூசணிக்காய் வெட்டினதாலா என்று. இல்லை பிள்ளை. கருவைச் சுற்றியிருக்கும் பனிக்குடச் சவ்வு கிழிந்து அதன் இழை வயிற்றுக்குள்ளேயே கையிலோ காலிலோ சுற்றிக்கொள்வதாகத்தான் பெரும்பாலும் விளக்கம் சொல்கிறார்கள். உன் கத்திக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. அடுத்த பிள்ளைக்கும் வருவது மிக அரிது.

பிறந்த அன்றே உள்ளங்காலை விரலால் வருடிப் பாருங்கள், பாதம் மேலே வருகிறதா, இரண்டு காலும் ஒரே மாதிரி அசைகிறதா. பள்ளத்துக்குக் கீழே நீலம் பாரித்தால், குளிர்ந்தால், வீக்கம் கூடினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. சத்திரசிகிச்சையில் வளையத்தை வெட்டி, தோலை வளைவு நெளிவாகத் தைப்பார்கள். நேரத்தோடு செய்தால் நரம்புக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது, ஆனால் வயிற்றுக்குள்ளேயே கெட்டுப்போன நரம்பென்றால் திரும்பாமலும் போகலாம், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பாதம் தொங்காமல் தாங்கிப் பிடிக்கும் ஸ்ப்ளின்ட் போட்டால் தினமும் கழற்றித் தோல் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள், உணர்வில்லாத கால் புண்ணானாலும் பிள்ளை அழாது. குளிப்பாட்டும் தண்ணீரின் சூட்டை உங்கள் முழங்கையால் பாருங்கள்.

எண்ணெய் போட்டு உருவ வேண்டாம். வரும்போது தயவுசெய்து அந்த நூலை அறுத்துவிட்டு வாருங்கள்.