நட்சத்திரத் துண்டும் என் தலையாட்டலும்

எம்.எஸ்சி. உளவியலைக் கரஸில்தான், அதாவது தொலைநிலையில்தான் படித்தேன். பள்ளியில் கவுன்சிலர் வேலை என்றதும் ஊரில் ஒருவர், "எந்த வார்டு?" என்று கேட்டார். அது கிடக்கட்டும்.

வேலையில் சேர்ந்த புதிதில், குழந்தைகளின் அறிவுத்திறனைப் பார்க்க உதவும் செகுவின் ஃபார்ம் போர்டை வைத்து ஒரு சிறுமிக்குச் சோதனை செய்தேன். பலகையில் பத்துக் குழிகள், பத்து மரத்துண்டுகள். குழந்தை மூன்று முறை பொருத்த வேண்டும். அதில் குறைந்த நேரத்தைக் கணக்கில் எடுப்போம். பாடப்புத்தகத்தில் இது அரைப் பக்கம். நேரில் என்ன ஆனதென்றால், அவள் நட்சத்திரத் துண்டைக் கையில் எடுத்து என் முகத்தைப் பார்த்தாள். லேசாகத் தலையாட்டியிருக்கிறேன். விடையைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிட்டது, சோதனை வீண். அதுகூட எனக்குத் தெரியவில்லை, பக்கத்தில் இருந்த சீனியர் மேடம் சொல்லித்தான் தெரிந்தது. அதற்கு முன்னால் எத்தனை பிள்ளைகளிடம் தலையாட்டினேனோ!

2025இல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி), உளவியலைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்துவதை நிறுத்திவிட்டது. 2021ஆம் ஆண்டுச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்துக்குள் உளவியல் வருகிறது என்பது காரணம். எனக்கு இதில் அரை மனசுதான். கைக்குழந்தையோடு சின்ன ஊரில் இருந்த எனக்கு வேறு வழியே இருக்கவில்லை. என்சிஇஆர்டியின் வழிகாட்டல், ஆலோசனை டிப்ளமோவைப் பாருங்கள்: ஆறு மாதம் தொலைநிலை, மூன்று மாதம் நேர் வகுப்பு, மூன்று மாதம் களப்பயிற்சி. கோட்பாட்டை வீட்டிலிருந்தே படிக்கலாம், பிள்ளையோடு உட்காரும்போது மட்டும் பார்த்துத் திருத்த ஓர் ஆள் வேண்டும்.

ஏற்கெனவே கரஸில் முடித்தவர்களுக்கு: எம்.எஸ்சி.யை மட்டும் வைத்துக்கொண்டு 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று போர்டு மாட்டாதீர்கள். அதற்கு ஆர்சிஐ, அதாவது இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு தேவை. அனுபவமுள்ள ஒருவரைத் தேடிப் பிடித்து, வாரம் ஒருமுறையாவது உங்கள் கேஸ்களை அவர் முன் வையுங்கள். வெட்கமாகத்தான் இருக்கும்.

என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்கள் அதிகமாகத் தடுக்கி விழுவது ஓர் இடத்தில். "யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்களே மிஸ்?" என்று பிள்ளை கேட்டதும், சத்தியமே செய்துவிடுகிறார்கள். அந்தப் பிள்ளை பாலியல் தொல்லையைப் பற்றிச் சொன்னால், 2012 போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். சத்தியமும் போச்சு, நம்பிக்கையும் போச்சு. அதனால் முதல் நாளே நான் சொல்லிவிடுவேன்: "நீ சொல்றதை ஊரெல்லாம் சொல்ல மாட்டேன்மா. ஆனா உனக்கு ஆபத்துன்னா, காப்பாத்தக்கூடிய ஆள்கிட்ட சொல்லுவேன். சொல்றதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லிட்டுத்தான்."